கொடைக்கானலில் கிடைத்த பழைய கல் அறுக்கும் மெஷினுக்கு எந்த மோட்டார்?

தம்பி கேட்டிருப்பது இதுதான். செண்பகனூர் பக்கம் ஒரு பழைய பங்களாவின் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது, அமெரிக்காவில் செய்த கல் அறுக்கும் மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. 14 அங்குல வைர பிளேடு, வார்ப்பிரும்பு உடல், கல்லைக் கவ்விக்கொள்ளும் வைஸ், அதைப் பிளேடை நோக்கித் தள்ளும் நீளத் திருகு, எல்லாம் நன்றாக இருக்கின்றன. மோட்டார் மட்டும் கருகிவிட்டது. அதன் தகட்டில் அரை ஹெச்.பி., 115 வோல்ட், 60 சைக்கிள் (இப்போது ஹெர்ட்ஸ் என்பது), 1725 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் கிடந்ததாம். கீழே திண்டுக்கல்லில் விசாரித்தபோது, "கல் அறுக்கிற வேலை, ஒன்றரை ஹெச்.பி. இல்லாம முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அரை ஹெச்.பி. போதும். சிங்கிள் பேஸ், 1440 ஆர்.பி.எம்., கண்டென்சர் ஸ்டார்ட் (கிளப்பிவிட ஒரு கண்டென்சர் வைத்தது), முழுக்க மூடிய உடல், காலில் நிற்கும் மாடல் என்று கேட்டு வாங்குங்கள். ஏன் இந்த ஒவ்வொரு சொல்லும் முக்கியம் என்பதைச் சொல்கிறேன். பெருமாள்மலையில் 28 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களில் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின்களின் மோட்டார்கள்தான் என் பிழைப்பு. கல் அறுப்பது என் ஆசை. பட்டறையின் பின்பக்கம் ஒரு 10 அங்குல மெஷின் வைத்திருக்கிறேன்.

பழைய மோட்டார் எப்படிப் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்க மிஷனரிகள் 1845-லேயே இந்த மலைக்கு வந்து வீடு கட்டியவர்கள். அவர்கள் ஆரம்பித்த பள்ளிக்கூடம் 1901-இலிருந்து இங்கே இருக்கிறது. அதனால்தான் கொடைக்கானல் பழைய வீடுகளில் 110 வோல்ட் சாமான்கள் இன்னும் தலைகாட்டுகின்றன. டிரான்ஸ்பார்மர் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், சைக்கிளை மாற்றாது. நம் ஊர்க் கரண்ட் 50 சைக்கிள். 60 சைக்கிளுக்கு 115 வோல்ட் என்று கட்டிய காயிலுக்கு, 50 சைக்கிளில் 96 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 110 கொடுத்தால் இரும்பு தாங்கும் அளவுக்கு மேல் காந்தம் ஏறி, வெறுமனே சுற்றும்போதே ஆம்பியர் கூடிச் சூடாகும்.

அதைவிட மோசமானது உள்ளே இருக்கும் ஸ்விட்ச். இந்த வகை மோட்டாரில் இரண்டு காயில் உண்டு. கிளப்பிவிடுவதற்கு மட்டும் மெல்லிய கம்பியில் ஒரு ஸ்டார்ட்டிங் காயில். வேகம் முக்கால்வாசி வந்ததும் ரோட்டரோடு சுற்றும் எடைகள் விரிந்து ஸ்விட்சைத் திறந்து அதை விலக்கிவிடும். 60 சைக்கிள் மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1800 சுற்று. ஸ்விட்ச் சுமாராக 1350-இல் திறக்கும். நம் கரண்டில் காந்தப்புலமே 1500 தான். ஆக அதே 1350-ஐத் தொட, மோட்டார் தன் முழு வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு வர வேண்டும். சாயங்காலம் வோல்ட் இறங்கியிருக்கும் நேரம், தொட்டியில் குளிரில் கெட்டியான எண்ணெய். மோட்டார் 1200-லேயே திணறிக்கொண்டு நிற்கும். ஸ்விட்ச் திறக்காது. சில நொடிக்கு மட்டுமே தாங்கும் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் அப்புறம் புகைதான். பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மெயின் காயில் பழுப்பாகவும் ஸ்டார்ட்டிங் காயில் கரிக்கட்டையாகவும் இருந்தால் நடந்தது இதுதான்.

"அதையே திரும்பக் கட்டிக் கொடுங்களேன்" என்று கேட்கலாம். 230 வோல்ட், 50 சைக்கிளுக்கு மாற்றிக் கட்ட முடியும். சுற்று எண்ணிக்கை ஏறக்குறைய 2.4 மடங்கு வரும், கம்பி அந்த அளவுக்கு மெலியும். ஆனால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைவதால் சக்தியும் அவ்வளவாகவே குறையும். ஸ்விட்ச் மட்டும் பழைய 60 சைக்கிள் கணக்கிலேயே இருக்கும். அந்த ஸ்பிரிங்குக்கு உதிரி தேடி அலைய வேண்டும். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன், இதற்குக் காயில் கட்டாதீர்கள். தகட்டை மட்டும் கழற்றித் துடைத்து மெஷின் உடம்பில் திருகி வையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்த 1725 என்ற எண் வேண்டும்.

அது உங்களுக்குமே வேண்டும். மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு பிளேடிலிருந்துதான் தொடங்குகிறது. பிளேடு கல்லை வெட்டுவதில்லை, விளிம்பில் பதித்த வைரத் துகள்கள் கல்லை அரைத்துக்கொண்டு போகின்றன. அதனால் பார்க்க வேண்டியது விளிம்பு ஓடும் வேகம். எண்ணெயில் ஓடும் இந்த வகை மெல்லிய பிளேடுக்கு நிமிடத்துக்கு 800 முதல் 950 மீட்டர் வரை இருந்தால் சுகமாக அறுக்கும். அதற்கு மேல் விரட்டினால் வைரம் கடிக்காமல் வழுக்கி, முனை மழுங்கி, விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்க ஆரம்பிக்கும். ரொம்பக் குறைத்தால் ஒவ்வொரு துகளும் அளவுக்கு மீறிக் கடித்துப் பிய்ந்து போகும், பிளேடு சீக்கிரம் தேயும். கடினமான கல்லுக்கு வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும்.

நம் கல் கடினமானது. கொடைக்கானலும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் பச்சையும் கருப்பும் கலந்து மின்னும். உள்ளே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மணிகள் கிடக்கும். அறுத்து மெருகேற்றினால் அவ்வளவு அழகு. நீங்கள் காங்கேயம் பக்கத்து நிலாக்கல்லைத்தான் அறுக்கப் போகிறீர்கள் என்றாலும், மலையில் இருந்துகொண்டு இந்தக் கல்லை அறுக்காமல் விடமாட்டீர்கள்.

சரி, கணக்கு. 14 அங்குல பிளேடின் சுற்றளவு சுமார் 1.12 மீட்டர். உங்கள் மெஷினில் மோட்டார் புல்லி இரண்டரை அங்குலம், பிளேடு ஷாஃப்ட் புல்லி 5 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1725-இல் பாதி, அதாவது 862 சுற்று. விளிம்பு வேகம் 960 மீட்டரை ஒட்டி. இதுதான் செய்தவர்கள் நினைத்த வேகம். நம் 1440 மோட்டாரை அதே புல்லியோடு போட்டால் 720 சுற்று, 800 மீட்டர் சொச்சம். மோட்டார் புல்லியை 3 அங்குலமாக்கினால் 864, பழைய வேகம் அப்படியே திரும்பி வந்துவிடும். இரண்டுமே தப்பில்லை. சார்னோக்கைட்டுக்கும் குவார்ட்ஸுக்கும் நான் 720-ஐயே விரும்புவேன். ஆனால் 3 அங்குலப் புல்லியில் பெல்ட் அவ்வளவு வளைந்து வேதனைப்படாது, ஆயுள் கூடும். லேத் பட்டறையில் இரண்டையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள், செலவு பெரிதில்லை. திருகு பிளேடு ஷாஃப்டிலிருந்தே ஓடுகிறதென்றால் கவலையே இல்லை. பிளேடு மெதுவானால் கல் நகர்வதும் அதே விகிதத்தில் மெதுவாகும்.

கடையில் 2880 மோட்டார் நீட்டுவார்கள், கைக்கு அடக்கமாக, விலையும் குறைவாக இருக்கும். வாங்கிவிடாதீர்கள். அதே புல்லியில் பிளேடு 1440 சுற்றுக்குப் போய்விடும், விளிம்பு வேகம் 1600 மீட்டர். இந்த மெல்லிய பிளேடு அதற்காகச் செய்ததில்லை. கை கிரைண்டர், மிக்ஸி மோட்டார்களும் வேண்டாம். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் பாரம் இல்லாதபோது பறக்கும், பாரம் வந்தால் தொய்யும். மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவது அதற்கு வராது.

இப்போது ஹெச்.பி. இதில்தான் நான் ஒருமுறை தவறு செய்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு காப்பித் தோட்டக்காரர் இதே அளவு மெஷினைக் கொண்டு வந்தார். என்னிடம் ஒரு ஹெச்.பி. பல்பர் மோட்டார் சும்மா இருந்தது. கூடுதல் பலம் நல்லதுதானே என்று அதைப் பூட்டி, பல்பருக்கு இழுப்பதுபோல் பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். மூன்றாவது கல். ஒழுங்கில்லாத உருண்டை, வைஸில் இரண்டே இடத்தில் பிடித்திருந்தது. பிளேடு பாதி இறங்கியபோது கல் ஒரு நூல் அளவு திரும்பியது. அரை ஹெச்.பி. மோட்டார், சற்றுத் தளர்ந்த பெல்ட் என்றால் அந்த இடத்தில் பெல்ட் கிறீச்சிட்டு வழுக்கி நின்றிருக்கும். இந்த மோட்டார் நிற்கவில்லை. ஓடும் சத்தம் தடித்தது, டங் என்று ஒரு அடி, அப்புறம் விட்டு விட்டு உரசல். மூடியைத் திறந்தால் பிளேடு தாம்பாளம்போல் ஒரு பக்கம் குழிந்திருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தட்டு அது, பக்கவாட்டில் தாங்கும் சக்தியே கிடையாது. புது பிளேடு வாங்கிக் கொடுத்தேன்.

கல் இடறும்போது முதலில் தோற்க வேண்டியது பெல்ட். அப்புறம் பாரம் கூடினால் கரண்டை வெட்டும் மோட்டாரின் ஓவர்லோட் ரிலே. பிளேடு கடைசியாகக்கூட வரக்கூடாது. 10 அங்குலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி., 14-க்கும் 16-க்கும் அரை, 18-க்கு முக்காலிலிருந்து ஒன்று, 24-க்கு ஒன்றிலிருந்து ஒன்றரை என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு. மோட்டாரை ஒரு பக்கம் கீல் வைத்த பலகையில் உட்காரவைத்து, அதன் எடையே பெல்ட்டை இழுக்கும்படி விடுங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒரு விரல் பருமன் இறங்க வேண்டும். ஏ செக்‌ஷன் பெல்ட், அதாவது அரை அங்குல அகல வி-பெல்ட், ஒன்று போதும்.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஒரு ஹெச்.பி.க்குச் சம்மதிப்பேன். உங்கள் வீடு லைனின் கடைசியில் இருந்து, வோல்ட் நாள் முழுக்க 190-ஐத் தாண்டாது என்றால் போடலாம், பெல்ட்டைத் தளர்த்தியே வைத்து. மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. 230-க்குப் பதில் 180 வந்தால் வோல்ட்டில் குறைவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், ஆனால் விசையில் பத்தில் நான்கு பங்கு போய்விடும். மரம் சாய்ந்து, லைன் இழுபட்டு, மழைக்காலத்தில் நம் பக்கம் வோல்ட் எப்படி ஆடும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதலில் இரண்டு நாள் காலை, மதியம், இரவு 7 மணி என்று மீட்டர் வைத்து வோல்ட்டை எழுதுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

கண்டென்சர் ஸ்டார்ட் என்று நான் அடம்பிடிப்பதும் இதற்காகத்தான். கிளம்பும்போது அதற்கு விசை அதிகம், வோல்ட் குறைந்த நேரத்திலும் தடுமாறாமல் 1440-க்குப் போய்ச் சேரும். கண்டென்சர் ஸ்டார்ட், கண்டென்சர் ரன் என்று இரண்டும் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஓடும்போது ஆம்பியர் குறைவு. ஒரே சிறிய கண்டென்சர் வைத்த ஃபேன் வகை மோட்டார் இதற்கு ஆகாது, மார்கழிக் காலையில் கிளம்பாது. அந்தக் குளிரில் தொட்டி எண்ணெய் தேன்போல் இழுக்கும், பிளேடு அதை இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பிளேடு எண்ணெயில் முக்கால் அங்குலம் முங்கினால் போதும். கல் வைக்காமல் ஐந்து நிமிடம் சுற்றவிட்டு அப்புறம் அறுங்கள்.

மூடிய உடல் வேண்டும் என்றேனே, காரணம் தொட்டிக்கு அடியில் மோட்டார் உட்கார்ந்திருப்பதுதான். எண்ணெயும் கல் சேறும் எங்காவது கசிந்து அதன் தலையில் சொட்டும். காற்றோட்டத்துக்குத் துளை விட்ட மோட்டார் அதை உள்ளே இழுத்துவிடும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத மூடலுக்கான குறியீடு ஐ.பி. 55, அது தகட்டில் இருந்தால் சரி. பேரிங் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாக இருக்கட்டும், இரும்புத் தட்டு மட்டும் வைத்ததென்றால் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் சிலர் தொட்டியில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் 40 டிகிரி சூட்டுக்கு அருகிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். மோட்டார் ஸ்விட்ச் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ளே பொறி விடுகிறது. மெல்லிய லிக்விட் பாரஃபின், அதாவது வெள்ளை மினரல் ஆயில், 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அப்படி ஆவி விடும். அதை ஊற்றுங்கள்.

இவ்வளவு உயரத்தில் மோட்டார் சூடாகாதா என்று இன்னொருவர் என்னிடம் கேட்டார், உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். மோட்டார்களின் அளவு 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் என்று வைத்துத்தான் எழுதப்படுகிறது. கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் குளிர்ச்சி குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஈடாகச் சுற்றுப்புறம் 30 டிகிரிக்குள் இருந்தால் போதும், நமக்குக் கோடையில்கூட அதைத் தாண்டுவது அபூர்வம். உயரத்துக்காக ஹெச்.பி. கூட்ட வேண்டியதில்லை.

மலையில் மோட்டாரைக் கெடுப்பது ஈரம். ஜூலையில் மூடுபனி ஜன்னல் வழியே கொட்டகைக்குள் வந்து குளிர்ந்த இரும்பில் வேர்க்கும். ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால், ஓட்டுவதற்கு முன் கரண்ட் கசிவைக் காட்டும் 500 வோல்ட் மெக்கர் மீட்டர் வைத்துப் பாருங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் சுவிட்சைப் போடாதீர்கள். பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, மேலே சாக்குப் போட்டு ஒரு இரவு வையுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். எர்த்திங்கும் அப்படித்தான். நம் பக்கம் குழி தோண்டினால் இரண்டடியில் பாறை. எர்த் நம்பகமாக அமையாத இடத்தில் கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் இந்த மெஷினைத் தொடக்கூடாது. எண்ணெய்க் கையோடு இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை இது.

பொருத்துவதில் ஒரு சின்ன நல்ல செய்தி. உங்கள் பழைய மோட்டார் பெரும்பாலும் அமெரிக்க 56 ஃபிரேமாக (மோட்டார் உடலின் நிலையான அளவு) இருக்கும், அளந்து பாருங்கள். கால் துளைகளின் குறுக்கு அகலம் 124 மில்லிமீட்டர் வரும். நம் 80 ஃபிரேமுக்கு 125. நீளவாக்கில் மட்டும் 76-க்குப் பதில் 100, இரண்டு துளை புதிதாகப் போட்டால் போதும். ஷாஃப்ட் ஒத்துவராது. அவர்களுடையது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, 15.9 மில்லிமீட்டர். நம்முடையது 19. பழைய புல்லியைத் துளை பெரிதாக்கிச் சாவிப் பள்ளம் வெட்டிக்கொள்ளலாம். சுற்றும் திசையைப் பிளேடில் இருக்கும் அம்புக்குறியோடு சரிபாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் பிளேடு நட்டு தானே கழன்று வரும். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும்.

வேகத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்க டிரைவ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரில் முடியாது, ஃபேன் ரெகுலேட்டரும் கூடாது. திரீ பேஸ் மோட்டாரும், சிங்கிள் பேஸில் ஓடும் டிரைவும் வாங்க வேண்டும். அந்த மோட்டாரின் மூன்று காயிலுக்கும் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால்தான் டெல்டா என்ற முக்கோண இணைப்புக்கு மாற்றி 230-க்குக் கொண்டுவரலாம். சிறிய மோட்டார்கள் பலவற்றில் காயில்களை ஒரே புள்ளியில் சேர்க்கும் ஸ்டார் இணைப்பில் உள்ளேயே கட்டி மூன்று முனை மட்டும் விட்டிருப்பார்கள். ஒரே அளவு பிளேடு ஓட்டும் உங்களுக்கு இரண்டு புல்லி போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பிளேடு ஷாஃப்டைக் கையால் சுண்டிவிடுங்கள். நான்கைந்து சுற்றாவது சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். சொரசொரப்பாக நின்றால் அங்கே பேரிங் போயிருக்கிறது, எந்த மோட்டார் போட்டாலும் அது சூடாகும்.

புது மோட்டார் வந்ததும் முதலில் பெல்ட் இல்லாமல் ஓட்டுங்கள். சுவிட்சைப் போட்ட ஒரு நொடிக்குள் உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்கும், ஸ்டார்ட்டிங் காயில் விலகுகிற சத்தம். அணைத்து, வேகம் இறங்கும்போது திரும்பவும் ஒரு டக். இந்த இரண்டையும் காதில் பழக்கிக்கொள்ளுங்கள். பெல்ட் போட்ட பிறகும் முதல் டக் இரண்டு நொடிக்குள் வர வேண்டும். வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

கொட்டகையில் இத்தனை வருடம் கிடந்த பிளேடு மழுங்கியிருக்கும், முதல் நாளே சார்னோக்கைட்டை வைக்காதீர்கள். சூளையில் நன்றாக வேகாத, தேய்த்தால் மணல் உதிரும் பழைய செங்கல் ஒன்றை வைஸில் நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்து இரண்டு வெட்டு ஓடவிடுங்கள். விளிம்பில் வைரம் புதிதாக வெளியே வரும். எண்ணெய் செக்கச்செவேல் என்று கலங்கும், அது தெளியும்வரை விட்டுவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரமாகவே வழித்துவிடுங்கள். காயவிட்டுப் பெருக்கினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். மறுநாள் கல்லை வையுங்கள்.